எடை குறைக்க ஊசியா, கத்தியா?

ஊசிதான் வந்துவிட்டதே, இனி எதற்கு வயிற்றில் கத்தி வைக்க வேண்டும்? உடல் பருமனுக்குச் சிகிச்சை தேடுகிற பலரும் இப்போது கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. ஒரு பக்கம், வாரத்துக்கு ஒருமுறை வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கடியில் நாமே போட்டுக்கொள்ளும் சின்ன ஊசி. பேனா போன்ற கருவியை அழுத்தினால் சில நொடிகளில் முடிந்துவிடும். மறுபக்கம், முழு மயக்கம், வயிற்றில் நாலைந்து துளைகள், வெட்டினால் வெட்டியதுதான் என்று ஆகிவிடும் இரைப்பை. இப்படி எதிரெதிரே நிறுத்தினால் யார்தான் கத்தியைக் கேட்பார்கள்?

இந்தப் படத்தில் காலம் விடுபட்டுப் போகிறது. அறுவை சிகிச்சையின் கஷ்டத்தில் பெரும்பகுதி முதல் சில மாதங்களில் வந்து போய்விடும். பலன் வருடக்கணக்கில் நிற்கும். ஊசியில் கஷ்டம் குறைவு, ஆனால் போடுகிற வரைதான் பலன். எனக்குத் தெரிந்து இந்த ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டாலே பாதி முடிவு எடுத்த மாதிரி.

முதலில் எடைக் கணக்கு. இந்த வார ஊசிகளில் முக்கியமானவை இரண்டு: செமாக்ளூடைட், டிர்செபடைட். செமாக்ளூடைட் ஊசியை 2.4 மில்லிகிராம் அளவில் 68 வாரம் போட்டுக்கொண்டவர்கள் சராசரியாக உடல் எடையில் 14.9 சதவீதம் இழந்தார்கள். வெறும் திரவத்தைப் போட்டுக்கொண்டவர்களுக்கு இது 2.4 சதவீதம். டிர்செபடைட் இன்னும் ஒரு படி மேலே: அதிக அளவில் 72 வாரத்தில் 20.9 சதவீதம். இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்டு 2025-ல் வெளியான ஆய்விலும் டிர்செபடைட்தான் ஜெயித்தது, 20.2-க்கு 13.7 என்று. அறுவை சிகிச்சையில், பல்லாயிரம் பேரின் மருத்துவமனைப் பதிவுகளை வைத்துப் பார்த்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வின்படி, ஒரு வருடத்தில் பைபாஸ் (இதய பைபாஸ் இல்லை, இரைப்பையின் சிறு பகுதியைப் பிரித்துக் குடலோடு இணைப்பது) செய்தவர்கள் சுமார் 31 சதவீதமும் ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) செய்தவர்கள் சுமார் 25 சதவீதமும் இழந்தார்கள். ஐந்தாவது வருடத்தில் இது 25.5, 18.8 என்று இறங்கியது. ஆக, கத்தி வைத்தாலும் கொஞ்சம் எடை திரும்புகிறது. இதை யாரும் மறைக்க வேண்டியதில்லை.

சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். அதே செமாக்ளூடைட் ஆய்வில் மூன்றில் ஒருவர் 20 சதவீதத்துக்கு மேல் இழந்தார். ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு 5 சதவீதம்கூட இறங்கவில்லை. உங்கள் உடம்பு எந்தக் கூட்டத்தில் சேரும் என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும். போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடலாம் என்பது ஊசிக்கு இருக்கும் ஒரு வசதியும்கூட.

சரி, நிறுத்தினால் என்ன ஆகும்? செமாக்ளூடைட்டை நிறுத்திய பிறகும் ஒரு பகுதியினரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரே வருடத்தில், இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. டிர்செபடைட்டிலும் அதே கதை: 36 வாரம் போட்டு சராசரியாக 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்தை நிறுத்தினார்கள். அடுத்த ஒரு வருடத்தில் அவர்களுக்கு 14 சதவீதம் ஏறியது. தொடர்ந்தவர்களுக்கு மேலும் 5.5 சதவீதம் இறங்கியது. இதை மனஉறுதி இல்லாததாகப் பார்ப்பது தவறு. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவது போலத்தான் இதுவும். ஆனால் அழுத்த மாத்திரையை ஆயுளுக்கும் போட ஒப்புக்கொள்கிற நாம், இந்த ஊசியை மட்டும் ஆறு மாத கோர்ஸ் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறோம். ஆராய்ச்சிக்கு வெளியே, நிஜ வாழ்க்கையில், ஒரு வருடத்துக்குள் நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். செலவு, குமட்டல், மருந்துத் தட்டுப்பாடு, சலிப்பு என்று காரணங்கள் பல.

அறுவை சிகிச்சையின் நீண்டகாலக் கணக்கைப் பார்க்க 1987-ல் தொடங்கிய ஸ்வீடன் நாட்டு ஆய்வுக்குப் போக வேண்டும். 20 வருடம் கழித்தும் அந்த நோயாளிகள் சராசரியாக 18 சதவீதம் குறைந்த எடையில் இருந்தார்கள். அதில் பெரும்பாலோர் செய்துகொண்டது அந்தக் காலத்துப் பழைய முறைகளை. இரைப்பையைச் சுற்றிப் பட்டை போடும் முறையும் அதில் ஒன்று. இன்று அதை அனேகமாகக் கைவிட்டுவிட்டார்கள். ஊசிக்கு இருபது வருடச் சரித்திரம் இன்னும் கிடையாது: எடை குறைப்புக்கென்று செமாக்ளூடைட்டுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 2021-ல்தான், டிர்செபடைட்டுக்கு 2023-ல்.

ஊசியும் அறுவை சிகிச்சையும் உடம்புக்குள் செய்யும் வேலையைப் பார்த்தால் எதிரிகள் மாதிரித் தெரியாது, சொந்தக்காரர்கள் மாதிரித் தெரியும். சாப்பிட்டதும் நம் குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது இன்சுலினைத் தூண்டும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், போதும் என்று மூளைக்குச் சொல்லும். ஆனால் இரண்டு நிமிடத்துக்குள் அதில் பாதி சிதைந்துவிடும். கீலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில், அதே வேலையைச் செய்யும் ஆனால் சீக்கிரம் சிதையாத ஒரு பொருளைக் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து பிறந்த முதல் மருந்து 2005-ல் சர்க்கரை நோய்க்காகச் சந்தைக்கு வந்தது. செமாக்ளூடைட் வாரக்கணக்கில் தாங்கும்படி செய்யப்பட்டது. டிர்செபடைட் இன்னொரு குடல் ஹார்மோனான ஜிஐபி-யின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

இப்போது பைபாஸைப் பாருங்கள். இரைப்பையின் மேல்நுனியில் சுமார் 30 மில்லி கொள்ளும் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தாண்டி, சற்றுக் கீழே உள்ள பகுதியோடு அதை நேராக இணைக்கிறார்கள். சாப்பாடு சீக்கிரமே கீழ்க்குடலை எட்டுவதால் ஜிஎல்பி-1 மடமடவென்று சுரக்கிறது. ஊசி வெளியிலிருந்து கொடுப்பதை, பைபாஸ் சொந்தக் குடலையே சுரக்க வைக்கிறது. ஸ்லீவ் முறையில் ஒரு குழாயை இரைப்பைக்குள் விட்டு, அதன் ஓரமாக ஸ்டேப்ளரால் தைத்துக்கொண்டே வெட்டிக்கொண்டு போவார்கள். வெட்டிய பகுதி, முழு இரைப்பையில் ஏறக்குறைய முக்கால்வாசி, துளை வழியாக வெளியே வந்துவிடும். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அந்தப் பகுதியில்தான். பைபாஸ் செய்த சர்க்கரை நோயாளிகளுக்கு எடை இறங்குவதற்கு முன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை சரியத் தொடங்குவதற்கு இந்த ஹார்மோன் மாற்றங்களும் ஒரு காரணம். ‘வயிறு சின்னதாச்சு, அதனால சாப்பாடு குறைஞ்சது’ என்பது பாதிக் கதை.

ஆபத்து விஷயத்தில் மக்கள் மனதில் இருக்கும் தராசு ரொம்பச் சாய்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். 2009-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம். லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளைகள் வழியாகச் செய்யும் முறை, பழகிய கைகளில் இன்று அதைவிடவும் குறைவு. பித்தப்பையை எடுப்பதற்கு நாம் இவ்வளவு யோசிப்பதில்லை. அதற்காக இது சாதாரண விஷயம் என்று சொல்லிவிடவும் முடியாது. தையல் கசிவு, இரத்தக்கசிவு, காலில் இரத்தம் உறைதல் ஆகியவை அரிதாக வரும். ஸ்லீவுக்குப் பின் நெஞ்செரிச்சல் தொல்லை பலருக்குக் கூடுகிறது. ஏற்கெனவே அது இருப்பவருக்கு பைபாஸைச் சொல்லும் காரணம் அதுதான். பைபாஸ் செய்தவர் இனிப்பைக் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று உடம்பே கண்டிக்கும். சில வலிநிவாரணிகளையும் புகைப்பதையும் ஒதுக்க வேண்டும், இல்லாவிட்டால் இணைப்பில் புண் வரும். மதுவும் வேகமாக ஏறும். அதற்கு அடிமையாகும் வாய்ப்பும் கூடுகிறது. இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும். அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் உண்டு. ஆக, ‘ஒரே தடவையில் முடிந்துவிடும்’ என்பதும் முழு உண்மை கிடையாது.

ஊசிக்கு வருவோம். செமாக்ளூடைட் ஆய்வில் 44 சதவீதம் பேருக்குக் குமட்டல், நாலில் ஒருவருக்கு வாந்தி. அதனால்தான் 0.25 மில்லிகிராமில் தொடங்கி நான்கு வாரத்துக்கு ஒரு படியாக ஏற்றுகிறார்கள். முழு அளவை எட்டவே நாலு மாதம் ஆகும். பெரும்பாலோருக்கு இந்தத் தொல்லை நாளடைவில் அடங்கிவிடும். வயிற்றுத் தொல்லை தாங்காமல் விட்டவர்கள் அந்த ஆய்வில் 5 சதவீதத்துக்கும் குறைவுதான். கணைய அழற்சி அரிது, ஆனால் உண்டு. தைராய்டில் வரும் மெடுல்லரி வகைப் புற்றுநோய் குடும்பத்தில் யாருக்காவது இருந்திருந்தால் இந்த ஊசி வேண்டாம். இன்னொரு ஆபத்து போலி மருந்து: செமாக்ளூடைட்டின் பெயரில் போலிகள் சுற்றுவதாக உலக சுகாதார நிறுவனமே 2024-ல் எச்சரித்தது. இணையத்தில் யாரோ விற்கும் மலிவு ஊசி உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

பித்தப்பைக் கல், முடி உதிர்வு, தசை இழப்பு மூன்றும் இரண்டு பக்கமும் பொது. வேகமாக எடை இறங்கினால் இவை வரும். எந்த வழியில் போனாலும் புரதமும் பளு தூக்கும் பயிற்சியும் கட்டாயம் வேண்டும்.

தராசில் எடை குறைவது மட்டுமே நோக்கம் இல்லையே. ஏற்கெனவே இதய நோய் உள்ள, சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேரிடம் செமாக்ளூடைட்டைச் சோதித்தபோது மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் திரவம் என்று குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு என்பதால் இதன் மதிப்பு அதிகம். ஸ்வீடன் ஆய்வில் அறுவை சிகிச்சை செய்தவர்களிடையே மரண விகிதம் சுமார் 29 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் அங்கே சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தது நோயாளிகளே, குலுக்கல் இல்லை. சர்க்கரை நோயில் மட்டும் கத்தியின் கை ஓங்கியே இருக்கிறது: ஐந்து வருடம் தொடர்ந்த ஒரு குலுக்கல் ஆய்வில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை (எச்பிஏ1சி) 6 சதவீதம் அல்லது அதற்குக் கீழே வந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5. அது இப்போதைய புது ஊசிகள் வருவதற்கு முந்தைய மருந்துகளோடு செய்த ஒப்பீடு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்புறம், யாருக்கு எது? ஒரு சின்னப் பெருக்கல் போதும். பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 32 இருப்பவர் ஊசியால் 20 சதவீதம் குறைத்தால் 26-க்குக் கீழே வந்துவிடுவார். அவருக்குக் கத்தி தேவையே இல்லை. பிஎம்ஐ 50 இருப்பவர் அதே 20 சதவீதம் குறைத்தால் 40-ல் நிற்பார். அங்கேயும் மூட்டு வலி, தூக்கத்தில் மூச்சடைப்பு, சர்க்கரை எல்லாம் பக்கத்திலேயேதான் இருக்கும். அவரிடம் ‘முதல்ல ஊசி போட்டுப் பாருங்க, சரியா வரலைன்னா பார்க்கலாம்’ என்று வருடங்களைக் கரைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 1991-ல் அமெரிக்கா வகுத்த பழைய விதி பிஎம்ஐ 40, அல்லது கூடவே நோய் இருந்தால் 35 என்றது. 2022-ல் அமெரிக்க, உலக அறுவை சிகிச்சை அமைப்புகள் அதைத் தளர்த்தி, நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 35-லிருந்தே அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்றன, ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்றும் சொன்னார்கள். இவ்வளவு கதவு திறந்திருந்தும், தகுதி உள்ளவர்களில் மிகச் சிறு பகுதியினரே அந்தப் பக்கம் போகிறார்கள்.

மயக்க மருந்து தாங்காத இதயம், முதுமை, வயிற்றில் பல பழைய அறுவைகள் இருந்தால் ஊசியே மேல். கர்ப்பத்தை எதிர்பார்க்கும் பெண்ணுக்கு வேறு கணக்கு: செமாக்ளூடைட்டைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும், அறுவை சிகிச்சை என்றால் ஒன்றிலிருந்து ஒன்றரை வருடம் தள்ளிப்போட வேண்டும். டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கலாம் என்பதையும் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

ஒன்றைத் தேர்ந்தால் மற்றது கூடாது என்றும் இல்லை. மிக அதிக எடை உள்ளவருக்கு முதலில் ஊசியால் கொஞ்சம் இறக்கி, கல்லீரலைச் சுருங்க வைத்து, பிறகு அறுவைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அறுவைக்குப் பல வருடம் கழித்து எடை ஏறினால், மறுபடி வெட்டாமல் ஊசியைத் தொடங்குகிறார்கள். ஊசி போட்டுக்கொண்டிருப்பவர் எந்த அறுவைக்குப் போனாலும், அது பித்தப்பையோ முழங்காலோ, கடைசி ஊசி எப்போது போட்டோம் என்பதை மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் தானாகவே சொல்லிவிட வேண்டும். இரைப்பை மெதுவாகக் காலியாவதால், இரவு முழுக்கப் பட்டினி இருந்த பிறகும் உள்ளே உணவு தங்கியிருக்கலாம். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.