ஃபைல்ஸில்லா: குறிகளை எடுத்தால் திரை தெளிகிறது

2001 முதல் இலவசமாகக் கிடைத்துவரும் ஃபைல்ஸில்லா மென்பொருள், சர்வருக்குக் கோப்புகளை ஏற்றி இறக்கும் வேலையில் நம்பகமானது என்றாலும், முதன்முறை திறப்பவரை அதன் திரை மிரள வைத்துவிடுகிறது. மேலே விரைவு இணைப்புப் பட்டை, அதன் கீழே சர்வர் சொல்வதையெல்லாம் வரிவரியாகக் காட்டும் செய்திப் பதிவு, இடப்பக்கம் நம் கணினியின் ஃபோல்டர் மரமும் கோப்புப் பட்டியலும், வலப்பக்கம் சர்வரின் அதே இரண்டும், அடியில் பரிமாற்ற வரிசை என ஏழு பகுதிகள் இடத்துக்கு முட்டிமோதுகின்றன.

அன்றாட வேலைக்கு இரு கோப்புப் பட்டியல்களும் பரிமாற்ற வரிசையும் போதும். 'வியூ' மெனுவில் மற்றவற்றின் டிக் குறிகளை எடுத்துவிட்டால், பட்டியல்கள் உயரமாக விரிந்து, எந்தக் கோப்பு எங்கே போகிறது என்பது ஒரே பார்வையில் விளங்குகிறது. சைட் மேனேஜரில் சர்வர் முகவரியோடு இரு பக்கத்துக்கும் உரிய தொடக்க ஃபோல்டரையும் பதிந்துவைத்தால், இணைந்தவுடனே சரியான ஃபோல்டர்கள் எதிரெதிரே வந்து நிற்கும். ஃபோல்டர் மரத்தில் கிளை கிளையாக இறங்க வேண்டியதில்லை.

செய்திப் பதிவை மட்டும் அடியோடு மறந்துவிடக் கூடாது. இணைப்பு மறுக்கப்படும்போது அதைத் திரும்ப வரவழைத்தால், 530 என்ற எண்ணே உள்நுழைவு ஏற்கப்படவில்லை என்பதைச் சொல்லிவிடும்.

இதே வேலையைச் செய்யும் இன்னொரு மென்பொருளான வின்எஸ்சிபி, நிறுவும்போதே இரட்டைப் பலகமா ஒற்றைப் பலகமா என்று கேட்டுவிடுகிறது. ஃபைல்ஸில்லாவும் அப்படியொரு கேள்வியை முதலிலேயே கேட்டிருக்கலாம். இத்தனை குறிகளைப் பயனர் தேடி எடுக்கும் வேலை இருந்திருக்காது.