சாய்ந்த மங்கில் பால் தங்காது: சுங்கை சிப்புட்டில் ஓர் இலக்கிய வகுப்பு

என் மகள் படிவம் 5. மலேசியாவில் பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழோடு தமிழ் இலக்கியமும் எடுக்கிறாள். சுங்கை சிப்புட் பசாருக்குப் பக்கத்தில், பூக்கடைக்கு மேல்மாடியில், ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் சனிக்கிழமைதோறும் நடத்தும் வகுப்புக்கு ஆறு மாதமாகப் போகிறாள். மாதம் 50 வெள்ளி. பகல் 2 மணிக்குத் தொடங்கி 4 மணிக்கு முடியும் என்பது கணக்கு. நாலரைக்கு முன்னால் விட்ட நாள் குறைவு. நாங்கள் இருப்பது தோட்டத்துப் பக்கம். அவளை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் திரும்பினால் பெட்ரோலுக்குக் கட்டாது. அதனால் நானும் பின் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். டீச்சர் ஒன்றும் சொல்வதில்லை.

போன வருடம் வேறொரு டியூஷனுக்கு அனுப்பியிருந்தோம். அங்கே அணிகளின் பட்டியல் ஒன்றை அச்சடித்துக் கொடுத்தார்கள். அணியின் பெயர், அதன் இலக்கணம், எடுத்துக்காட்டுக்கு ஒரு குறள், அவ்வளவுதான். பிள்ளை அதை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். பள்ளிச் சோதனையில் 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' குறளைக் கொடுத்து என்ன அணி என்று கேட்டார்கள். பட்டியலில் அது இல்லை. 'போல' என்ற சொல்லைத் தேடிப் பார்த்திருக்கிறாள், காணோம். உவமையே இல்லை என்று எழுதிவிட்டு வந்தாள். தோண்டத் தோண்ட மணலில் நீர் ஊறும், கற்கக் கற்க அறிவு ஊறும் என்று பொருள் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவாள். தெரிந்ததை வைத்துக்கொண்டே பிள்ளை தப்பாக எழுதியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த டீச்சர் முதல் நாள் பையிலிருந்து பழைய பீங்கான் மங்கு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். ரப்பர் பால் வடிவதற்குப் பால்மரத்தில் கட்டும் அதே மங்கு. வாய் ஓரத்தில் கொஞ்சம் உடைந்திருந்தது, அடியில் ஒட்டுப்பால் கறுத்துக் காய்ந்திருந்தது. அதைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கரும்பலகையில் எழுதினார்: 'சாய்ந்த மங்கில் பால் தங்காததுபோலக் கவனமில்லாத மனதில் பாடம் தங்காது.' இது உவமை. மங்கும் இருக்கிறது, மனமும் இருக்கிறது, நடுவில் 'போல' என்ற உருபும் இருக்கிறது. அப்புறம் 'போல'வை அழித்துவிட்டு இரண்டு வாக்கியமாக்கினார்: 'சாய்ந்த மங்கில் பால் தங்காது. கவனமில்லாத மனதில் பாடம் தங்காது.' உருபு மறைந்துவிட்டது, ஒப்புமை அப்படியே நிற்கிறது. இது எடுத்துக்காட்டு உவமை. மணற்கேணிக் குறள் இந்த வகைதான். என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

'மனமாகிய மங்கு சாய்ந்தது' என்று இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் உருவகம். இங்கேயே மலர்முகம், முகமலர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினார். முன்னது மலர் போன்ற முகம், அதனால் உவமைத்தொகை. பின்னது முகமாகிய மலர், அதனால் உருவகம். சொல்லின் வரிசை மாறினால் பெயரும் மாறிவிடுகிறது.

நாலாவதை அவர் பலகையில் எழுதவே இல்லை. ஜன்னலோரம் ஒரு பையன் மேசைக்குக் கீழே கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தான். டீச்சர் அவனைப் பார்த்து, "சாய்ந்த மங்கில் பால் தங்காது, தம்பி" என்று மட்டும் சொன்னார். அவன் சட்டென்று கைப்பேசியைப் பைக்குள் வைத்தான். "மனம் என்று சொன்னேனா? பாடம் என்று சொன்னேனா? உனக்கு எப்படிப் புரிந்தது?" என்று கேட்டார். உவமையை மட்டும் சொல்லிவிட்டுச் சொல்லவந்த பொருளைக் கேட்பவரிடமே விடுவது பிறிதுமொழிதல். அதற்குப் பிறகுதான் 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' குறளுக்கு வந்தார். மயிலிறகுதானே என்று வண்டியில் அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியும். வள்ளுவர் சொன்னது அவ்வளவுதான். பகைவர் சிறியவரே ஆனாலும் பலர் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நாம்தான் எட்டிப் பிடிக்க வேண்டும். பெயரை முதலில் சொல்லாமல் காரியத்தைக் காட்டிவிட்டு அப்புறம் பெயர் வைப்பதுதான் இந்த வகுப்பின் பலம். அணி இலக்கண நூலான தண்டியலங்காரத்தில் பொருளணிகள் 35 என்கிறார். அத்தனையையும் தலையில் ஏற்றுவதில்லை.

தற்குறிப்பேற்றத்துக்குச் சிலப்பதிகாரத்தைச் சொன்னார். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. ஆடுவது இயற்கை. 'வராதீர்கள்' என்று அவை கை காட்டுவதாக இளங்கோவடிகள் தன் குறிப்பை அதன்மேல் ஏற்றுகிறார். ஆளுக்கு ஒன்று எழுதிவரச் சொன்னார். வருடத் தொடக்கத்தில் பால்மரம் இலை உதிர்க்கும், பார்த்திருப்பீர்கள். செம்பனை நடுவதற்காகத் தங்களைச் சாய்க்கப் போகிறார்கள் என்று தெரிந்து மரங்கள் இலைகளைக் கண்ணீராக உதிர்த்தன என்று என் மகள் எழுதினாள். அவள் தாத்தா முப்பது வருடம் பால் வெட்டிய மரங்கள் அவை. டீச்சர் அதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

ஆகுபெயரும் வீட்டுச் சாமானாகவே வந்தது. தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் பாட்டி வெற்றிலை நட்டார் என்போம். நட்டது இலையை அல்ல, கொடியை. உறுப்பின் பெயர் முழுதுக்கும் ஆகிவந்தால் சினையாகுபெயர். ஒரு சாவுக்குத் 'தோட்டமே திரண்டு வந்தது' என்றால் வந்தது மனிதர்கள், அது இடவாகுபெயர்.

குறைகளும் உண்டு. எதுகை, மோனை, இயைபு மூன்றையும் ஒரே வாரத்தில் ஓட்டிவிட்டார். அசை பிரிப்பதற்கு இன்னும் இரண்டு வாரமாவது வேண்டும். அச்சடித்த குறிப்பு எதுவும் தருவதில்லை, பிள்ளைகளே எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் வராவிட்டால் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைத்தான் நம்ப வேண்டும். இருபது பேருக்கு இரண்டே மின்விசிறி, மதிய வெயிலில் மாடி கொதிக்கிறது. படிக்கட்டு குறுகலானது, கைப்பிடி ஒரு பக்கம்தான்.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது பழைய கேள்வித்தாள்களைப் போட்டுப் பழக மட்டும் இடம் தேடுகிறவர்களுக்கு இது சரிப்படாது. படிவம் 4இலேயே சேர்த்துவிடுங்கள். சேர்ப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை நீங்களும் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்கலாம், அதற்குக் காசு வாங்குவதில்லை. ஒன்றேமுக்காலுக்கே போய்விடுங்கள். மின்விசிறிக்குக் கீழே இருக்கும் பெஞ்சு முதலில் நிறைந்துவிடும்.