மீகடத்திப் பேரிங் பொதி: மலையகத்து ஈரத்தில் தேறுமா?

உயர்தர மாணவருக்கும் பாடசாலை விஞ்ஞான மன்றங்களுக்கும் ஏற்றது என்று இணையத்தில் விற்கப்படும் மீகடத்தி மிதப்புப் பொதியில் ஐந்து சாமான்கள் உண்டு. 28 மி.மீ. விட்டமும் 10 மி.மீ. தடிப்பும் கொண்ட கறுப்பு இற்றியம்-பேரியம்-செப்பு ஒட்சைட்டு வில்லை, 25 மி.மீ. நியோடிமிய வளையக் காந்தம், ரெஜிபோம் கிண்ணம், பிளாஸ்டிக் இடுக்கி, 5 மி.மீ. அக்ரிலிக் இடைத்தட்டு. திரவ நைதரசனில் குளிர்ந்ததும் வில்லை மின்தடையற்ற மீகடத்தியாகி, காந்தத்தைத் தொடாமலே மிதக்கவைக்கும்; அந்த மிதப்பில் காந்தத்தைச் சுழலவிடுவதுதான் இந்தப் பேரிங். வில்லைக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. காந்தம்தான் குறை.

வில்லை உருக்கி ஒற்றைப் படிகமாக வளர்க்கப்பட்டதா, தூளை அழுத்திச் சுட்டதா என்பதை வாங்கிய அன்றே பார்த்துவிடலாம். காந்தத்தை மேலே வைத்தபடி குளிரூட்டி, பிறகு காந்தத்தை இடுக்கியால் தூக்குங்கள். வில்லையும் தொட்டுக்கொள்ளாமலே கூடத் தொங்கி வந்தால் அது உருக்கி வளர்த்தது. காந்தப் பாயக் கோடுகள் உள்ளே இறுக்கமாகச் சிக்கியிருக்கின்றன. சுட்ட வில்லை காந்தத்தைக் கொஞ்சம் மிதக்கவிடும், ஆனால் பேரிங்குக்கு ஆகாது. இந்தப் பொதியின் வில்லை முதல் வகை.

காந்தத்துக்கு வருவோம். காந்தம் சுழலும்போது வில்லை உணரும் காந்தப்புலம் மாறாமல் இருந்தால் தடை கிட்டத்தட்ட இல்லை. வளையத்தின் ஒரு பக்கம் வலுவாகவும் மறுபக்கம் நலிந்தும் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வில்லைக்குள் சக்தி வீணாகும். அந்த இழப்பு புல வேறுபாட்டின் மும்மடிக்கு ஏற்பக் கூடும்: வேறுபாட்டைப் பாதியாக்கினால் இழப்பு எட்டில் ஒன்றாகும். பொதியோடு வரும் காந்தத்தை நம்பிவிட வேண்டாம். ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில், காந்தப்புலத்தை அளக்கும் ஒரு ஹோல் சென்சரை இணைத்து, அது உச்சவரம்பைத் தொடாத தூரத்தில் நிலையாகப் பொருத்தி, காந்தத்தை மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். அதே அளவில் மூன்று காந்தம் வாங்கி, ஏற்ற இறக்கம் குறைந்ததை வைத்துக்கொள்வது சிறந்த வழி. கீழ்முகத்தில் மெல்லிய மென் இரும்புத் தட்டு ஒட்டினாலும் புலம் சமப்படும், மிதப்பு விசை சற்றுக் குறையும்.

சுழலியை, அதாவது காந்தத்தையும் அதோடு சேர்ந்து சுழலும் பாகங்களையும், 60 கிராமுக்குள் அடக்குங்கள். காந்தத்தோடு சேர்ந்து சுழலும் அலுமினியத் தட்டால் பாதிப்பில்லை. அசையாத பகுதியில் அலுமினியமோ செப்போ காந்தத்துக்கு அருகில் இருந்தால் மாறும் புலத்தால் அந்த உலோகத்தில் எழும் சுழிப்பு மின்னோட்டம் பிரேக் போடும்.

குளிரூட்டும் முறையில்தான் கையேடு கோட்டைவிடுகிறது. காந்தம் இல்லாமல் வில்லையைக் குளிரவைத்துவிட்டுப் பிறகு சுழலியை மேலே வைக்கச் சொல்கிறது. அப்படிச் செய்தால் தூக்கும் விசை அதிகம் கிடைக்கும், ஆனால் சுழலி பக்கவாட்டில் நழுவி ஓடும். பேரிங்குக்கு சுழலியை இடைத்தட்டில் நிறுத்தி, நைதரசனைச் சிறிது சிறிதாக ஊற்றி, பலத்த கொதிப்பு அடங்கியபின் இன்னும் ஒரு நிமிடம் பொறுத்து, தட்டை உருவ வேண்டும். அக்ரிலிக் தட்டு உறைபனியில் ஒட்டிக்கொள்ளும், வெடிக்கவும் செய்யும். ஐஸ்கிறீம் குச்சிகளை 4 மி.மீ. உயரத்துக்கு அடுக்கினால் போதும், 5 மி.மீ. உயரத்தில் குளிர்வித்ததைவிட விறைப்பும் கூடும். பாரம் ஏறியபின் சுழலி மெல்ல இறங்குவது பழுதல்ல: முதல் நிமிடத்துக்கும் பத்தாம் நிமிடத்துக்கும் இடையில் இறங்குகிற அளவுதான் பத்துக்கும் நூறுக்கும் இடையில் இறங்கும்.

நுவரெலியா, ஹற்றன் பக்கத்து மூடுபனியில் பெரிய தொல்லை ஐஸ். இடைவெளியில் ஐஸ் வளர்ந்து சுழலியைத் தொட்டால் அதோடு சோதனை முடிந்தது. நைதரசன் மட்டம் வில்லையின் மேல்முகத்துக்குச் சற்று மேலே எப்போதும் நிற்கட்டும். முழுவதையும் ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டியால் தளர்வாக மூடுங்கள். ஆவியாகும் நைதரசனே ஈரக் காற்றை வெளியே தள்ளிவிடும். உயரத்தால் ஒரு நன்மையும் உண்டு. கடல் மட்டத்தில் 77.4 கெல்வினில் கொதிக்கும் நைதரசன், நுவரெலியாவின் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் 75.6 கெல்வின் அளவில் கொதிக்கும். வில்லை மீகடத்தியாகும் வெப்பநிலை 92 கெல்வின் என்பதால், கொழும்பைவிட இங்கே பிடிப்பு சற்றே கூடும்.

சோதிக்க கைத்தொலைபேசியின் மெதுவசைவு வீடியோ போதும். சுழலியைப் பக்கவாட்டில் லேசாகத் தட்டி, செக்கனுக்கு எத்தனை தரம் ஆடுகிறது என்று எண்ணுங்கள். 60 கிராம் சுழலி 10 தரம் ஆடினால் விறைப்பு மீற்றருக்கு சுமார் 237 நியூட்டன். கொழுந்து வாட்டும் விசிறியின் உருளைப் பேரிங்கோடு ஒப்பிட்டால் இது பஞ்சு. ஆகவே நிமிடத்துக்கு 600 சுற்றில் பரிவு வந்து சுழலி உதறும். உறிஞ்சுகுழாயால் காற்றூதி அந்த வேகத்தை விரைவாகக் கடத்திவிட்டால், அது தன் திணிவு மையத்தைச் சுற்றி அமைதியாகிவிடும். பிறகு வேகம் குறைவதை நேரத்தோடு வரையுங்கள். நேர்கோடாக இறங்கினால் தடை வில்லையிலிருந்து வருகிறது. உயர் வேகத்தில் செங்குத்தாக விழுந்து போகப்போகத் தட்டையானால் அது காற்றுத் தடை. பெட்டியில் அச்சிட்ட ‘உராய்வே இல்லை’ என்ற வாசகம் வெற்றிடத்துக்குள் வைத்தால்தான் உண்மைக்குக் கிட்ட வரும்.

நைதரசன் கணக்கு எளிது: ஒரு வாற் வெப்பம் உள்ளே கசிந்தால் மணிக்கு 22 மி.லீ. ஆவியாகும். இரண்டு மணி நேர வேலைக்கு 2 லீற்றர் எடுத்தால் தட்டுப்பாடு வராது. பாற்பண்ணைப் பகுதிகளில் செயற்கைச் சினைப்படுத்தலுக்கு நைதரசன் புழங்குவது உண்மைதான். ஆனால் விந்துக் குழாய்கள் இருக்கும் கொள்கலனிலிருந்து ஊற்றித் தரக் கேட்காதீர்கள். மட்டம் இறங்கினால் அவை கெட்டுவிடும். குடுவையின் மூடியை ஒருபோதும் இறுக்க வேண்டாம். ஒரு லீற்றர் திரவம் 700 லீற்றர் அளவு வாயுவாகும். குளிருக்கு ஜன்னலைச் சாத்திக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு; இந்த வேலையின்போது இரண்டு ஜன்னலாவது திறந்திருக்கட்டும். வாகனத்திலும் அப்படியே.

முடிந்ததும் வில்லையை அப்படியே மேசையில் விட்டால் அதன்மேல் நீர் முத்துக் கோக்கும், அந்த ஈரம் ஒட்சைட்டை அரிக்கும். குளிராக இருக்கும்போதே பிளாஸ்டிக் பையில் இட்டு வாயைக் கட்டி, அறை வெப்பநிலைக்கு வந்தபின் எடுத்து, இளஞ்சூட்டுக் காற்றில் உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். பொதியில் சிலிக்கா ஜெல் இல்லை, தனியாக வாங்க வேண்டும்.