கேஸ் டிரையரா, கரன்ட் டிரையரா, ஹீட் பம்ப்பா? முதலில் சுவரைப் பாருங்கள்

மத்திய நியூ ஜெர்சியில் நாங்கள் வாங்கிய வீட்டின் பேஸ்மென்டில் பழைய கேஸ் டிரையர் ஒன்று ஏற்கெனவே இருந்தது. துணி காயவைக்க கேஸா என்று அப்போது எனக்கே வியப்பு. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கோ கேஸ், கரன்ட் இரண்டுமே வியப்பு. "ஏம்ப்பா, வெயில் இப்படி அடிக்குது, பின்னாடி ஒரு கொடி கட்ட மாட்டியா?" என்றார். எங்கள் குடியிருப்புச் சங்கம் அதற்கு அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும் ஜனவரியில் கொடியில் போட்ட வேட்டி பலகையாகத்தான் திரும்பி வரும்.

அதற்குப் பிறகு அந்த டிரையரை நாலைந்து முறை பிரித்துப் பூட்டியிருக்கிறேன். நண்பர்கள் வீட்டுக் கரன்ட் டிரையர்களிலும் கை வைத்ததுண்டு. தங்கை தன் காண்டோவுக்கு (அடுக்குமாடி வீடு) ஹீட் பம்ப் டிரையர் வாங்கியபோது கூடப் போய் நின்றேன். எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் சுவரில் என்ன இருக்கிறது என்பதைத்தான்.

எதற்கு எவ்வளவு கரன்ட்?

கேஸ் டிரையர் என்றால் கரன்ட் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டும். டிரம்மைச் சுற்றவும் காற்றை இழுக்கவும் ஒரு மோட்டார் இருக்கிறது. கேஸைப் பற்றவைக்கும் இக்னைட்டருக்கும் கரன்ட் தேவை. ஆனால் சாதாரண 120 வோல்ட் பிளக்கே போதும். மிக்ஸி செருகும் அதே சாக்கெட், 15 ஆம்ப் லைன். வெப்பம் முழுவதும் பர்னரிலிருந்து வருகிறது. வீட்டு டிரையர்களில் அது பொதுவாக மணிக்கு 20,000 முதல் 22,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு).

கரன்ட் டிரையர் அந்த வெப்பம் முழுவதையும் கம்பிச் சுருளிலிருந்து எடுக்கிறது. அதற்கு 240 வோல்ட், 30 ஆம்ப் என்று தனி லைன் வேண்டும். சுருள் மட்டுமே 5,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். பழைய வீடுகளில் இதன் சாக்கெட்டுக்கு மூன்று துளை, 1996க்குப் பிந்தைய மின்விதிப்படி கட்டிய வீடுகளில் நான்கு. வீடு மாறும்போது பலர் தடுக்கி விழும் இடம் இது. டிரையரை மாற்ற வேண்டியதில்லை, வயரை மாற்றினால் போதும். ஆனால் நான்கு கம்பி வயர் போடும்போது உள்ளே நியூட்ரலையும் டிரையரின் உடம்பையும் இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். அதை மறப்பவர்களே அதிகம்.

ஹீட் பம்ப் டிரையர் ஃப்ரிட்ஜின் உறவுக்காரன். கம்ப்ரஸர் உண்டு, ஒரே காற்றைத் திரும்பத் திரும்பச் சூடாக்கி, ஈரத்தைத் தண்ணீராகப் பிரித்து வெளியேற்றும். 120 வோல்ட்டில் ஓடும் மாடல்களும் கிடைக்கின்றன. இதற்கு வெளியே போகும் வென்ட் குழாய் வேண்டாம், கேஸ் குழாயும் வேண்டாம். தங்கையின் காண்டோவில் இரண்டுக்கும் வழியில்லை என்பதால் அங்கே வேறு பேச்சுக்கே இடமில்லாமல் போனது.

செலவுக்கு ஒரு கைக்கணக்கு. முக்கால் மணி நேரம் ஓடும் ஒரு சுமைக்குக் கரன்ட் டிரையர் சுமார் மூன்று யூனிட் எடுக்கும். யூனிட் 18 சென்ட் என்று வைத்தால் 54 சென்ட். ஹீட் பம்ப் அதில் பாதி அளவில் முடித்துவிடும், ஆனால் நேரம் கூடுதலாக எடுக்கும். கேஸ் டிரையர் ஏறக்குறைய ஒரு தெர்மில் (கேஸை அளக்கும் அலகு) பத்தில் ஒரு பங்கு கேஸும் கால் யூனிட்டுக்குச் சற்று மேல் கரன்ட்டும் எடுக்கும். தெர்ம் ஒன்றரை டாலர் என்றால் மொத்தம் 20 சென்ட். கேஸ் மலிவான ஊரில் இந்தக் கணக்கு நிற்கும். குழாயே இல்லாத வீட்டில் புதிதாகக் கேஸ் லைன் இழுக்கப் பிளம்பரைக் கூப்பிட்டால், மிச்சம் பிடித்ததெல்லாம் பல வருடத்துக்கு அவரிடமே போய்விடும்.

கரன்ட் போனால்

2012 அக்டோபர் கடைசியில் சாண்டி புயல் வந்தபோதுதான் கேஸ் டிரையரின் அருமை தெரிந்தது. எங்கள் தெருவில் ஒரு வாரத்துக்கு மேல் கரன்ட் இல்லை, கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. (கடலோரத் தீவுப் பகுதிகளில் கேஸையும் மூட வேண்டியதாயிற்று என்பது வேறு கதை.) மூன்றாம் நாள் குழந்தையின் துணி தீர்ந்துபோயிற்று. பக்கத்து வீட்டில் 2,000 வாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் வைத்திருந்தார்கள். அவர்களுடையது கரன்ட் டிரையர், 5,000 வாட்டுக்கு அந்தச் சின்ன ஜெனரேட்டர் என்ன செய்யும்? கடைசியில் அவர்கள் ஜெனரேட்டர், எங்கள் டிரையர், இரண்டு வீட்டுத் துணி என்று ஓர் ஏற்பாடு.

கேஸ் டிரையரின் மோட்டார் கிளம்பும்போது ஒரு நொடி அதிகமாக இழுக்கும். ஜெனரேட்டரின் சத்தம் அப்போது "ம்ம்ம்" என்று தாழ்ந்து எழும். பிறகு சில நூறு வாட்டில் அமைதியாக ஓடும். அதே ஜெனரேட்டரில் வீட்டுச் சூடேற்றும் ஃபர்னஸைப் போட்டால் சில நேரம் பற்றிக்கொண்டு உடனே அணைந்துவிடும். பல ஃபர்னஸ்கள் தீ எரிகிறதா என்பதைத் தீயின் வழியே பாயும் மெல்லிய மின்னோட்டத்தால் உணர்கின்றன. நியூட்ரல் தரையோடு சேராத சிறிய ஜெனரேட்டரில் அந்தக் கணக்கு குழம்பிவிடும். டிரையரில் இருப்பதோ வெப்பம் பட்டால் திறக்கும் எளிய சுவிட்ச். அதனால் அந்தத் தகராறு இல்லை.

ஜெனரேட்டருக்குப் போட்டியாக இப்போது பேட்டரிப் பெட்டிகள் வந்துவிட்டன. ஒரு யூனிட் கொள்ளும் பெட்டி கேஸ் டிரையரில் ஒரு சுமையைத் தாராளமாக முடித்துத் தரும், இரண்டாவதற்கும் முயலலாம். கரன்ட் டிரையருக்கு அது கிட்டவே வராது. ஹீட் பம்ப் டிரையர் 120 வோல்ட் மாடலாக இருந்தால் ஒரு சுமைக்கே பெட்டி காலியாகலாம். காரில் செருகும் மலிவான இன்வெர்ட்டரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். படிப்படியாக ஏறி இறங்கும் அதன் அலையில் மோட்டார் உறுமும், சூடாகும், டிரையரைக் கட்டுப்படுத்தும் போர்டும் தாறுமாறாக நடக்கும். சுத்தமான சைன் அலை தருவதுதான் வேண்டும்.

ஜெனரேட்டர் என்றால் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, வெளியே. கராஜுக்குள் கதவைத் திறந்து வைத்துக்கூட ஓட்டாதீர்கள். இன்னொன்று, கரன்ட் டிரையரின் 240 வோல்ட் சாக்கெட்டில் ஜெனரேட்டரைத் தலைகீழாகச் செருகி வீடு முழுவதற்கும் கரன்ட் கொடுக்கும் 'தந்திரம்' ஒன்று சுற்றுகிறது. அந்தக் கரன்ட் தெருக் கம்பிக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் வோல்ட்டேஜ் ஏறி, மேலே வேலை செய்யும் லைன்மேனைக் கொல்லும். தெரு லைனைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டரை இணைக்கும் மாற்று சுவிட்ச் இல்லாமல் அந்தப் பக்கமே போகக் கூடாது.

ஓடிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் கேஸ் கசியுமா என்று பயப்பட வேண்டாம். வால்வைத் திறந்து வைத்திருப்பதே கரன்ட்தான், அது போனதும் தானாக மூடிவிடும். சூடான துணியை மட்டும் டிரம்மில் அப்படியே விடாமல் எடுத்து உதறி வையுங்கள்.

பழுது வந்தால் எது காட்டிக்கொடுக்கும்?

என் ஓட்டு கேஸ் டிரையருக்குப் போவது இங்கேதான். அதன் நோயைக் கண்ணால் பார்க்கலாம்.

ஒரு டிசம்பரில் டிரம் சுற்றியது, துணி மட்டும் ஈரமாகவே வந்தது. கூப்பிட்டு வந்த டெக்னீசியன் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு போர்டு போய்விட்டது, 400 டாலருக்கு மேல் ஆகும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, கீழ்ப் பலகையைக் கழற்றி, விளக்கை அணைத்து, தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். டிரையரைப் போட்டதும் பர்னர் குழாயின் வாயில் இக்னைட்டர் மெதுவாகச் சிவந்து, ஆரஞ்சாகி, ஏறக்குறைய வெள்ளையானது. பிறகு அணைந்தது. அந்த நொடியில் "டக்" என்று வால்வு திறந்து, "புஸ்" என்று நீலத் தீ எழ வேண்டும். எழவில்லை. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி சிவந்தது, அணைந்தது. இப்படியே மூன்று முறை.

இக்னைட்டர் சிவக்கிறது என்றால் அதுவரை கரன்ட் வருகிறது. சூடு ஏறியதும் அணைகிறது என்றால் உணரும் சுவிட்சும் தன் வேலையைச் செய்கிறது. மிஞ்சியது வால்வின் தலையில் உட்கார்ந்து அதைத் திறக்கும் காயில்கள். இவை குளிராக இருக்கும்போது மல்டிமீட்டரில் சரியாகவே காட்டும், சூடேறியதும் கைவிடும். முதல் சுமை காய்ந்து இரண்டாவது காயவில்லை என்றால் பெரும்பாலும் இவைதான். காயில் ஜோடி 25 டாலர் ஆனது. போர்டுக்கு எந்த நோயும் இல்லை. காயிலை மாற்ற கேஸ் இணைப்பைத் தொடவே வேண்டியதில்லை. பிளக்கைப் பிடுங்கி, கேஸ் வால்வை மூடிவிட்டு, இரண்டு திருகு கழற்றினால் போதும்.

இக்னைட்டர் சிவக்கவே இல்லை என்றால் வேறு பாதை. பெரும்பாலும் அதுவே விரிசல் விட்டிருக்கும். மீட்டரில் 50 முதல் 400 ஓம் வரை காட்ட வேண்டியது ஒன்றுமே காட்டாது. கண்ணாடிபோல உடையும், வெறும் விரலால் கருப்புப் பகுதியைத் தொடக் கூடாது. அது நன்றாக இருந்தால் அடுத்தது, சூடு மிஞ்சினால் கரன்ட்டை அறுக்கும் வெப்ப பியூஸ்.

கரன்ட் டிரையரில் இப்படி எட்டிப்பார்க்க வழியில்லை, ஆனால் ஒரு பெரிய சூத்திரம் உண்டு. மோட்டார் 120 வோல்ட்டில் ஓடுகிறது, சுருளுக்குத்தான் 240, அதாவது இரண்டு லைனும் சேர்ந்தது. நம்மூரில் ஒரு ஃபேஸ் போனால் பாதி வீட்டில் விளக்கு எரியும், பாதி வீடு இருட்டாக இருக்குமே, அதுபோல இரண்டு லைனில் மோட்டாருக்குப் போகாத ஒன்று போனால் டிரம் ஜம்மென்று சுற்றும், சூடு மட்டும் வராது. அதனால் டிரையரைப் பிரிக்கும் முன் பிரேக்கரை முழுக்க அணைத்துத் திரும்பப் போடுங்கள். நண்பர் ஒருவர் சுருளை மாற்றியும் சரியாகாமல் என்னைக் கூப்பிட்டார். பார்த்தால் சாக்கெட்டின் பின்னால் ஒரு கம்பி தளர்ந்து கருகியிருந்தது. லைன் சரி என்றால் சுருளை அளக்கலாம், சுமார் 10 ஓம் காட்ட வேண்டும்.

ஹீட் பம்ப்பில் நாம் செய்யக்கூடியது துணியிலிருந்து உதிரும் பஞ்சைத் துடைப்பது, தண்ணீர் வெளியேற்றும் பம்ப்பைச் சுத்தம் செய்வது, அவ்வளவுதான். உள்ளே வாயு கசிந்தால் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வேலை. வாரன்டி முடிந்த பிறகு அந்தச் செலவு புதிய டிரையர் பக்கம் சாய்ந்துவிடும்.

மூன்றுக்கும் பொதுவான எதிரி பஞ்சு. வெப்ப பியூஸ் சும்மா போவதில்லை. வென்ட் அடைத்து, சூடு உள்ளே தங்கி, அதனால் போகிறது. பியூஸை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் மறுபடி மாற்ற வேண்டியதுதான். 2008 முதல் 2010 வரை அமெரிக்க வீடுகளில் வருடத்துக்குச் சுமார் 2,900 டிரையர் தீவிபத்துகள் நடந்ததாக அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் கணக்கிட்டது. காரணங்களில் முதலிடம், சுத்தம் செய்யாமல் விட்டது, 34 சதவீதம். கேஸ் டிரையருக்கு ஒரு ஆபத்து கூடுதல். வென்ட் கழன்றால் கார்பன் மோனாக்சைடும் வீட்டுக்குள்ளேயே வரும். நான்கு அங்குலக் கெட்டித் தகரக் குழாய் போடுங்கள். வெள்ளிக் காகிதம்போல மடங்கும் குழாய் வேண்டாம். அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருக்கட்டும். கேஸ் இணைப்பைத் தொட்டால் கசிகிறதா என்று சோப்பு நுரை வைத்துப் பாருங்கள், டிரையரை மாற்றும்போது பழைய வளையும் குழாயைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

சரி, என்ன வாங்குவது? கேஸ் குழாயும் வென்ட்டும் ஏற்கெனவே இருந்தால் கேஸே. 240 வோல்ட் சாக்கெட் மட்டும் இருந்தால் கரன்ட் டிரையர், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பாகங்களும் மலிவு. வென்ட் போட வழியே இல்லை, அல்லது கூரையில் சோலார் இருக்கிறது என்றால் ஹீட் பம்ப். புரோப்பேன் சிலிண்டர் வீட்டுக்காரர்கள் கேஸ் டிரையர் வாங்கினால் மாற்றுக் கிட் கட்டாயம். இயற்கை எரிவாயுவுக்கான பெரிய துளையில் புரோப்பேன் போனால் தீ அளவுக்கு மீறி எழும்.

எங்கள் டிரையரில் இரண்டு வாரமாக ஒரு கீச்சுச் சத்தம். பெல்ட்டா, டிரம் உருளையா என்று சனிக்கிழமை திறந்து பார்க்க வேண்டும்.