காலநிலைக்கான இசை நிகழ்ச்சி: யூடியூப்பா, பேஸ்புக்கா, ஸூமா, மண்டபத் திரையா?

கொழும்பில் காலநிலைக்காக நிதி சேர்க்க ஓர் இசை நிகழ்ச்சி என்றதும் பாடகர் யார், மண்டபம் எது என்றுதான் பேச்சுப் போகிறது. நேரலை கடைசி வாரத்தில்தான் ஞாபகம் வரும். “யாராவது ஒரு தம்பியிடம் போனைக் கொடுத்து பேஸ்புக்கில் லைவ் போடச் சொல்லுவம்” என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். என்னைக் கேட்டால் முதலில் தீர்மானிக்க வேண்டியதே அதைத்தான். மேடை வெள்ளவத்தையில் இருக்கலாம். ஆனால் 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு களனிக் கரைப் பகுதிகள் மறுபடியும் மூழ்கின. மலையகத்தில் மண்சரிவுகள் உயிர்களைக் கொண்டுபோயின. நிகழ்ச்சி இந்த மக்களைப் பற்றியது. அவர்கள் உட்கார்ந்து பார்க்க முடியாவிட்டால் அதை நடத்துவதில் என்ன பயன்?

முதலில் யூடியூப்பையும் பேஸ்புக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஆட்களைத் திரட்ட பேஸ்புக் லேசு. அமைப்பின் பக்கத்தில் ஏற்கெனவே உறவுகளும் தெரிந்தவர்களும் இருப்பார்கள், அறிவிப்பு நேரே அவர்களின் போனுக்குப் போகும். ஆனால் 2025 பெப்ரவரியிலிருந்து அங்கே போடும் புதிய நேரலைகள் 30 நாளில் அழிந்துவிடும். அதற்குள் இறக்கி வைக்காவிட்டால் போனது போனதுதான். யூடியூப்பில் 12 மணி நேரத்துக்கு உட்பட்ட நேரலை தானாகவே சேமிப்பில் நிற்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் யூடியூப் பக்கம். புது சானல் என்றால் நேரலை வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். போனிலிருந்தே ஒளிபரப்ப வேண்டுமென்றால் குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும். ஆகவே நிகழ்ச்சியன்று காலையில் சானல் திறக்கிற வேலையே வேண்டாம்.

பாட்டு உரிமை விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். சினிமாப் பாட்டு ஒன்றை மேடையில் பாடினால், யூடியூப் அதைக் கண்டுபிடித்து ஒளிபரப்பை நடுவில் நிறுத்தலாம். பேஸ்புக் அந்தப் பகுதியின் ஒலியை அடைக்கலாம். தியாகராஜர் கீர்த்தனையோ பாரதி பாட்டோ பறையோ என்றால் பதற்றம் குறைவு. காலநிலைக்கென்று நம் பிள்ளைகளே எழுதி மெட்டமைத்த பாட்டு என்றால் இன்னும் நல்லது.

அடுத்தது ஸூம். டிக்கெட் வாங்கியவருக்கு மட்டும் இணைப்பு, முகம் பார்த்துப் பேசலாம், லண்டனிலும் டொரன்டோவிலும் உள்ள சொந்தக்காரரைச் சேர்க்கலாம் என்பதால் பலருக்கு அதில் ஆசை. கூட்டத்துக்கு அது நல்ல கருவி. சங்கீதத்துக்கு நான் அதைத் தொடமாட்டேன். இலவசக் கணக்கில் 40 நிமிடம், 100 பேர் என்ற எல்லையை விடுங்கள். காசு கட்டினால் அது தீரும். பெரிய தொல்லை ஒலியில்தான். ஸூம் மனிதப் பேச்சுக்கென்று செய்யப்பட்டது. மின்விசிறி இரைச்சல் மாதிரி நிற்காமல் ஒரே சீராக வரும் ஒலியைத் தேடித் தேடி அழிக்கும். நம் தம்புரா அப்படித்தானே ஒலிக்கிறது? சுருதிப்பெட்டியைப் போட்டுப் பாடத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் சுருதி கரைந்துபோகும், பாடகரின் குரல் மட்டும் அந்தரத்தில் நிற்கும். மிருதங்கத்தின் இடப் பக்கமான தொப்பியின் ஒலி பாதிதான் வரும், வலப் பக்கமான வலந்தலை டொக் டொக்கென்று கேட்கும். ஸூமின் செட்டிங்ஸுக்குள் போய் இசைக்கலைஞர்களுக்கான அசல் ஒலியைத் தெரிவு செய்தால் ஓரளவு சரியாகும். ஆனாலும் அந்தப் பக்கம் கேட்பவரின் இணையம் தளரும்போது ஸூம் காத்திருக்காது, ஒலியை வெட்டிவிட்டு முன்னே போய்விடும். யூடியூப் சில நொடிகள் பிந்தி வந்தாலும் முழுதாக வரும். ஆலாபனைக்கு எது வேண்டும் என்று கேட்கவே தேவையில்லை.

இனி நான் ஆதரிக்கிற வழி. யூடியூப் நேரலையை ஒவ்வொருவர் போனுக்கும் அனுப்பிவிட்டு இருப்பதை விட, அதே நேரலையை கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, வெல்லம்பிட்டிப் பக்கங்களில் உள்ள வாசிகசாலை, கோவில் மண்டபம், பாடசாலை, தேவாலய மண்டபம் என்று சின்னச் சின்ன இடங்களில் பெரிய திரையில் போடுவது. போனில் பார்ப்பவருக்கு சுமாரான தரத்தில் 2 மணி நேரத்துக்கு 1 ஜிபி அளவு டேட்டா போகும். நாட்கூலிக்குப் போகும் வீட்டில் அது சின்னச் செலவில்லை. மண்டபத்தில் அந்தச் செலவு ஒரே ஓர் இணைப்புக்குத்தான்.

அதைவிடப் பெரிய காரணம் பாட்டு முடிந்த பிறகு நடப்பது. போனில் பார்த்தவர் கைதட்டும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த காணொளிக்குப் போய்விடுவார். மண்டபத்தில் தேத்தண்ணி வரும், ஆட்கள் இருப்பார்கள், பேச்சு தொடங்கும். 2018இல் ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் அமைப்பு முதன்முதலாக அங்கீகரித்த ஈரநில நகரங்களில் கொழும்பும் ஒன்று. அந்தச் சதுப்பு நிலங்கள்தான் மழைவெள்ளத்தைத் தாங்கி வைக்கின்றன. அவற்றை மண் போட்டு நிரப்பினால் தண்ணீர் எங்கே போகும் என்று ஒரு சங்கீத வித்துவான் மேடையில் சொல்வது ஒன்று. போன வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்த தாய் அதே மண்டபத்தில் எழுந்து சொல்வது வேறு. காலநிலை நடவடிக்கை என்பது அந்தப் பேச்சில்தான் தொடங்கும், நாலு பேர் சேர்ந்து மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ ஒரு கடிதமாவது எழுதுவார்கள்.

சிரமமும் அதிகம்தான். மாலை 4 மணிக்குத் தொடங்கினால் திரைச்சீலை இல்லாத யன்னல் வெளிச்சத்தில் புரொஜெக்டர் படம் வெளுத்துப்போகும்; 6.30க்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். லெப்டொப்பின் சின்ன ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கைப் பிடிக்கிற வழக்கத்தை விடுங்கள், ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயரை நேரே மிக்ஸருக்குக் கொடுங்கள். லெப்டொப்பையும் மிக்ஸரையும் ஒரே பிளக்கில் செருகினால் ‘ம்ம்’ என்ற இரைச்சல் பெரும்பாலும் வராது. வைபையை நம்ப வேண்டாம், ரவுட்டரிலிருந்து வயரே போடுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். டிக்கெட் விற்றால் களியாட்ட வரி பற்றி முன்கூட்டியே மாநகர சபையில் கேட்டுக்கொள்ளுங்கள். மின்சாரப் பிரச்சினையும் இருக்கிறது: 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்க மின்சாரம் போனது. அப்படியொரு நாளில் போன்காரர் கொஞ்ச நேரமாவது தாக்குப்பிடிப்பார், மண்டபம் இருளில் இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் போன்தான் முன்னுக்கு நிற்கிறது.

மேடைப் பக்கத்தில் ஓபிஎஸ் என்ற இலவச ஒளிபரப்பு மென்பொருள் போதும். 720பி தரத்தில் நொடிக்கு 4 மெகாபிட் அனுப்புங்கள். இணைப்பின் அனுப்பும் வேகம் அதைப்போல இரண்டு மடங்காவது இருக்கட்டும்.

கரியமிலக் கணக்குப் பற்றியும் கேட்பார்கள். ஒரு மணி நேரக் காணொளிக்கு உலகச் சராசரியாக 36 கிராம் கார்பன் டை ஒக்சைட் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2020இல் கணித்தது. ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ, அதாவது 75 மணி நேரக் காணொளிக்குச் சமம். ஆகவே போனா திரையா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆட்கள் எவ்வளவு தூரம் வாகனத்தில் வருகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. 2007 ஜூலை 7 அன்று காலநிலைக்காகப் பல கண்டங்களில் நடந்த லைவ் எர்த் இசை நிகழ்ச்சிகள் மீது எழுந்த பெரிய குறையும் கலைஞர்களும் ரசிகர்களும் விமானத்திலும் வாகனத்திலும் வந்ததுதான். எல்லோரையும் பஸ் பிடித்து வெள்ளவத்தைக்குக் கொண்டுவருவதை விட, நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு திரை வைப்பது மேல்.

பணம் சேர்ப்பதில் வெளிநாட்டு உறவுகளுக்கு இணைய இணைப்பு தேவைதான், மறுக்கவில்லை. உள்ளூரில் வாசலில் ஒட்டிய, போனில் ஸ்கேன் செய்து பணம் அனுப்பும் லங்காகியூஆர் தாளும் ஓர் உண்டியலும் நன்றாகவே வேலை செய்யும். எந்த வழியானாலும் கணக்கை முதலில் ஒழுங்குபடுத்துங்கள். 1971 ஓகஸ்ட் 1 அன்று நியூயோர்க்கில் ரவிசங்கரும் ஜோர்ஜ் ஹரிசனும் பங்களாதேஷ் அகதிகளுக்காக நடத்திய நிகழ்ச்சியின் இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் சேர்ந்த பணத்தில் பெரும்பகுதி வரிச் சிக்கலில் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது, உதவி பெறும் அமைப்பை முன்கூட்டியே முறையாக இணைக்காததால்.

அப்புறம் நேரலையே எட்டாத இடங்கள். மண்சரிவு நடந்த தோட்டங்களில் சிக்னல் ஒரு மேட்டில் இருக்கும், அடுத்த லய வீட்டு வரிசையில் இருக்காது. அங்கே நேரலைக்கு மல்லுக்கட்ட வேண்டாம். ஓபிஎஸ் ஒளிபரப்பும்போதே கணினியில் ஒரு பிரதியைப் பதிந்து வைக்கச் சொல்லலாம். அதை எம்பி4 ஆக மாற்றி பென் ட்ரைவில் அடுத்த நாளே அனுப்பலாம், தோட்டத்துச் சனசமூக நிலைய டிவியில் செருகினால் ஓடும். பழைய டிவிகள் பலவும் ஃபேட்32 முறையில் தயாரித்த பென் ட்ரைவைத்தான் வாசிக்கும், அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது. நொடிக்கு 4 மெகாபிட்டில் 2 மணி நேர நிகழ்ச்சி 3.6 ஜிபிதான் வரும், வெட்டாமல் அப்படியே கொடுத்துவிடலாம். பேச்சுப் பகுதிக்கு சிங்கள வசனவரிகளும் சேர்த்தால் வெல்லம்பிட்டியில் பக்கத்து வீட்டாரும் சேர்ந்து பார்ப்பார்கள். அதற்கு ஒரு நாள் கூடப் பிடித்தாலும் பரவாயில்லை.