பூவோடு வந்த ஒட்டுக்கள்ளி: ஏமாந்துவிடாதீர்கள்

ஆஸ்ட்ரோஃபைட்டம், அரியோகார்பஸ், அஸ்டீகியம் மாதிரி மெதுவாக வளரும் கள்ளிகளை "ஒட்டுக்கட்டியது, பூக்கும் பருவத்தில் இருக்கிறது" என்று இணையத்தில் விற்பவர்களிடம் வாங்கப் போகிறீர்களா? பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் அப்படி ஒரு ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியாஸ் வாங்கினேன். வந்த செடியில் பூவும் பொய், ஒட்டும் பொய்.

விளம்பரத்தில் சொன்னது இதுதான்: நிரந்தர வேர்ச்செடியில் (ஒட்டின் அடியில் வேரோடு நிற்கும் வேறொரு கள்ளி) கட்டியது, மூன்று வயது, இந்தப் பருவம் முழுக்கப் பூக்கும். இதெல்லாம் நடக்கக்கூடிய விஷயம்தான். விதையிலிருந்து சொந்த வேரில் வளரும் ஆஸ்டீரியாஸ் பூக்க ஐந்தாறு வருடம் ஆகும், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அஸ்டீகியம் நாற்று இரண்டு வருடம் கழித்தும் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். வேகமாக வளரும் வேர்ச்செடியில் ஒட்டினால் அந்தக் காத்திருப்பு பெருமளவு குறையும். அந்த ஆசையை வைத்துத்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது.

செடி வந்தபோது உச்சியில் பளிச்சென்று ஒரு மஞ்சள் பூ. வெயிலில் விரிந்தது, காற்றில் ஈரம் கூடினால் மூடிக்கொண்டது. யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ஆஸ்டீரியாஸ் பூ சில நாட்களில் வாடிவிடும். இது வாரக்கணக்கில் அப்படியே இருந்தது. விரலால் தொட்டால் சரசரவென்று சத்தம். லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. உலர்மலர் அலங்காரத்துக்கு வைப்பார்களே, அந்த ஸ்ட்ராஃப்ளவர். அதன் இதழ்கள் செத்துக் காய்ந்த பிறகும் ஈரத்தில் மூடும், காய்ந்தால் விரியும். உயிர் இருக்கிறது என்று நம்ப வைப்பதே அந்த அசைவுதான். பூவின் அடியில், உச்சிப் பஞ்சுக்கு நடுவே, கண்ணாடி மணி போல ஒரு பசைத்துளி இறுகியிருந்தது.

நிஜப் பூ எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அது பஞ்சுக் கண்ணிலிருந்து (கள்ளியின் மேல் மொட்டு கிளம்பும் பஞ்சுப் புள்ளி) ஒரு குழலோடு கிளம்பும். குழலின் வெளிப்பக்கம் செதிலும் ரோமமும் இருக்கும். இதழ்கள் பட்டாக மென்மையாக இருக்கும், தொண்டைப் பக்கம் ஆரஞ்சு சிவப்பு ஓடும், நடுவில் மகரந்தத் தாள்கள் கொத்தாக நிற்கும், அவற்றுக்கிடையே பல கிளையாகப் பிரிந்த சூல்முடி தெரியும். இது எதுவும் இல்லாமல் அடுக்கடுக்காகச் செதில் மாதிரி இதழ் மட்டும் இருந்தால் அது ஒட்டவைத்ததுதான்.

பூ போலி என்பதோடு போயிருந்தால்கூட விட்டிருப்பேன். ஆஸ்டீரியாஸ் பூப்பது உச்சியில் புதிதாக வரும் கண்களிலிருந்து. சரியாக அந்த இடத்தில்தான் சூடான பசையை ஊற்றியிருக்கிறார்கள். பசையைப் பெயர்த்தபோது அடியில் வளர்நுனி பழுப்பாக வெந்துபோயிருந்தது. பூக்கும் செடி என்று விற்பதற்காக, பூக்க வேண்டிய இடத்தையே கருக்கிவிட்டார்கள். இதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

அப்புறம் ஒட்டு. தொட்டியின் மேலே அலங்காரக் கற்களைப் பசைபோட்டுப் பாளமாக இறுக்கி, ஒட்டு இருக்கும் இடத்தை மறைத்திருந்தார்கள். அந்தப் பாளத்தை உடைத்து எடுக்கும்போது மேலே இருந்த உருண்டை தானாகவே சாய்ந்து கழன்று வந்தது. வெட்டுமுகம் இரண்டும் காய்ந்து தோல் கட்டியிருந்தன. நாலு பக்கமும் பசைக் கோடு.

காரணம் வெட்டுமுகத்திலேயே தெரிந்தது. கள்ளித் தண்டைக் குறுக்கே வெட்டினால் நடுவில் ஒரு வளையம் தெரியும். நீரும் உணவும் ஓடும் குழாய்கள் அங்கேதான் இருக்கின்றன. மேற்செடியின் (மேலே ஒட்டப்படும் கள்ளி) வளையம் வேர்ச்செடியின் வளையத்தை எங்காவது தொட்டால்தான் ஒட்டு பிடிக்கும். இரண்டும் ஒரே அளவில் இல்லையென்றால், சற்றே ஓரமாக நகர்த்தி, ஒன்றை ஒன்று வெட்டும்படி வைக்க வேண்டும். இவர்கள் படத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று நட்டநடுவில் வைத்திருக்கிறார்கள். சின்ன வளையம் பெரிய வளையத்துக்குள்ளே விழுந்து, எதையும் தொடவே இல்லை. வேர்ச்செடியின் விளிம்பைச் சரிவாகச் சீவவும் இல்லை. சீவாவிட்டால் உள்சதை சுருங்கும்போது தோல் மட்டும் மேலே நின்று இடைவெளி விழும். ரப்பர் பேண்ட் போட்டு ஒன்றிரண்டு வாரம் அழுத்தி வைக்க வேண்டிய வேலையைப் பசையால் முடித்துவிட்டார்கள்.

"நிரந்தர வேர்ச்செடி" என்றது என்ன தெரியுமா? முக்கோணத் தண்டுள்ள டிராகன் ஃப்ரூட் கொடி. அது மலிவு, வேகமாகப் பிடிக்கும், ஆனால் சில வருடங்களில் ஓய்ந்துவிடும். 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர் போனால் தாங்காது. சிவப்பு, மஞ்சள் உருண்டைக் கள்ளிகள் கடைகளில் நிற்பது பெரும்பாலும் இதன் மேல்தான். நீண்ட காலத்துக்கு என்றால் ட்ரைக்கோசீரியஸ் மாதிரித் தடித்த தண்டுக்கள்ளி வேண்டும். நாற்றுப் பருவத்தில் விரட்டி வளர்க்கப் பெரெஸ்கியோப்சிஸ் என்ற மெல்லிய தண்டுக்கள்ளி நல்லது, பிறகு வேறு தண்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கூடவே வந்த பராமரிப்புச் சீட்டில் "அறைக்குள் வைக்கவும், தினமும் நீர் விடவும்" என்று இருந்தது. இதைப் பின்பற்றினால் எந்தக் கள்ளியும் அழுகும். ஒட்டு என்பது வளர்ச்சியை வேகப்படுத்தும், அவ்வளவுதான். பூக்க நல்ல வெளிச்சம் வேண்டும், குளிர்காலத்தில் நீரை நிறுத்தி ஓய்வு கொடுக்க வேண்டும். நைட்ரஜன் அதிகமுள்ள உரம் போட்டால் உடம்பு ஊதி வெடிக்குமே தவிர மொட்டு வராது.

விற்றவரிடம் படங்களோடு கேட்டேன். முதலில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்றார். பசையின் படத்தை அனுப்பியதும், கூடுதல் பணம் கொடுத்தால் "காட்டிலிருந்தே எடுத்த வயதான செடி" தருகிறேன் என்றார். அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் ஆஸ்டீரியாஸ் இருக்கிறது. காட்டிலிருந்து பிடுங்கிய செடியை நாடு விட்டு நாடு வியாபாரம் செய்யவே கூடாது. மறுத்தேன். அதோடு என்னைத் தடைசெய்துவிட்டார்.

கழன்ற உருண்டையை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பச்சைச் சதை தெரியும்வரை அடியைச் சீவி, புதிய ட்ரைக்கோசீரியஸ் தண்டில் ஒட்டினேன். பிடித்துவிட்டது. வெந்த உச்சியை வெட்டி எறிந்ததால் பக்கக் கண்களில் குட்டிகள் கிளம்புகின்றன. அவற்றைத் தனித்தனியாக ஒட்டிக்கொள்ளலாம்.

வாங்கும் முன் விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: கற்கள் இல்லாமல் ஒட்டு இடம் பக்கவாட்டில், உச்சி மேலிருந்து கிட்டத்தில், வேர்ச்செடி முழுதாக. பூ இருந்தால் அடுத்த வாரமும் அதே பூவின் படம் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் கற்பாளத்தை உடைக்கும்போதே காணொளி எடுத்து வையுங்கள், விற்பனைத் தளத்தில் புகார் கொடுக்கும்போது அதுதான் எடுபடும். அந்த விளம்பரம் அதே மஞ்சள் பூப் படத்தோடு இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது.