வேலூர் பிரைவேட் தியேட்டரில் 'தி எக்ஸார்சிஸ்ட்': ஒலி நன்று, கதவுதான் குறை

காட்பாடி சாலையை ஒட்டிய ஒரு வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில், எட்டுப் பேர் அமரக்கூடிய பிரைவேட் தியேட்டர் ஒன்று மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிறது. பெரும்பாலும் பிறந்தநாள், திருமண நாள் கொண்டாட்டங்களுக்காகவே அங்கே வருகிறார்கள். நான் சென்றது வேறு காரணத்துக்காக. சாத்தான் மனிதரைப் பிடித்துக்கொள்ளும் படங்களை இருபது ஆண்டுகளாகத் தேடித் தேடிப் பார்த்துவருகிறேன். அவற்றுக்கெல்லாம் மூத்த படமாக நான் மதிக்கும் 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தை நல்ல இருட்டிலும் நல்ல ஒலியிலும் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மே மாதத்து புதன்கிழமை ஒன்றில், காலை பத்து மணிக்கே வெயில் சுட்டெரித்துக்கொண்டிருந்தபோது, அத்தையும் அத்தை மகளும் நானுமாக மூன்று மணி நேரத்துக்கு 1,500 ரூபாய் செலுத்தி உள்ளே சென்றோம். படம் நம்முடைய ஓ.டி.டி. கணக்கிலிருந்தே ஓடும், 122 நிமிட மூல வடிவத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

உள்ளே சென்றதும் கூரை ஓரத்திலும் இருக்கைகளின் அடியிலும் நீல நிற எல்.இ.டி. பட்டைகள் எரிந்துகொண்டிருந்தன. கேட்டவுடன் அணைத்துவிட்டார்கள். அதன் பிறகு கிடைத்த இருட்டு, வேலூரில் எந்தப் பெரிய தியேட்டரிலும் நான் காணாதது. பாதிப் படம் சாத்தான் பிடித்த ஒரு சிறுமியின் படுக்கையறையில், மங்கிய விளக்கொளியில் நடக்கிறது என்பதால், கறுப்பு கறுப்பாகவே தெரிவது இங்கே மிக முக்கியம். சாத்தானை விரட்ட வரும் பாதிரிமார்களின் மூச்சு புகையாக எழுவதைக் காட்டுவதற்காக அந்த அறை அரங்கையே உறைநிலைக்குக் கீழே குளிரூட்டிப் படம்பிடித்தார்கள். அந்த வெண்மூச்சு ஒவ்வொன்றும் இந்தத் திரையில் தனித்தனியாகத் தெரிந்தது.

ஆனாலும் நான் முதலில் பாராட்ட வேண்டியது ஒலியைத்தான். 1973 டிசம்பரில் வெளியான இந்தப் படம் பத்துப் பிரிவுகளில் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டு, தழுவல் திரைக்கதைக்கும் ஒலிக்கும் என இரண்டு விருதுகளைப் பெற்றது. ஒலிக்குக் கிடைத்த விருதின் பொருள் எனக்கு அன்றைக்குத்தான் முழுமையாக விளங்கியது. இராக்கில் தொடங்கும் முதல் காட்சிகளில் தொழுகை அழைப்பும், மண்ணில் பிக்காசு விழும் ஓசையும், கொல்லர்களின் சம்மட்டி அடியும், நாய்களின் உறுமலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வரும். பிறகு அமெரிக்க வீட்டின் பரணில் ஏதோ சுரண்டும் சத்தம் கேட்கும். தாய் அதை எலி என்று நினைப்பாள். அந்தச் சுரண்டல் பின்பக்க ஸ்பீக்கரிலிருந்து வந்தபோது, குடியாத்தத்தில் ஓட்டு வீட்டில் வளர்ந்த அத்தை சட்டென்று பின்னால் திரும்பி, "இங்க எலி இருக்குதாடா?" என்று கேட்டார். இதைவிடப் பெரிய சான்றிதழை அந்த ஸ்பீக்கர்களுக்கு என்னால் தர இயலாது.

சாத்தானின் குரலும் அப்படியே. சிறுமியாக நடித்தவர் லிண்டா பிளேர். சாத்தானாகப் பேசியவரோ மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற மூத்த நடிகை. புகைபிடித்தும் பச்சை முட்டை விழுங்கியும் தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு அவர் பேசினார். கைப்பேசியில் கேட்கும்போது அது வெறும் அடித்தொண்டைக் குரல். இங்கே அந்தக் குரலுக்குள் சளி இழுப்பதும், மூச்சுத் திணறுவதும், ஒரே நேரத்தில் பல உயிர்கள் முனகுவதுபோன்ற அடியொலியும் கேட்டன. கனத்த ஒலியைத் தரும் சப்வூஃபரை அளவோடு வைத்திருக்கிறார்கள். வசனத்தை அது விழுங்கவில்லை.

அத்தையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகள் நர்ஸாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். சிறுமியின் தலை பின்பக்கமாகத் திரும்பிய காட்சியில் அவரிடம் சலனமே இல்லை. ஆனால், நோயைக் கண்டுபிடிப்பதற்காகக் கழுத்து ரத்தக்குழாயில் ஊசி செலுத்தி, இயந்திரம் தடதடக்கப் படமெடுக்கும் மருத்துவமனைக் காட்சி வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். 88 மருத்துவர்களைப் பார்த்தும் பயனில்லையே என்று அந்தத் தாய் வெடிக்கும்போது அவர் கண் கலங்கிவிட்டது. எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, மொழி தெரியாத ஊரில் பிள்ளையின் கையைப் பிடித்தபடி நிற்கும் தாய்மாரை நாம் வேலூரில் தினமும் பார்க்கிறோம். அதனால்தானோ என்னவோ, படத்தின் முதல் ஒரு மணி நேரம் மெதுவாக நகர்கிறது என்று பலரும் சொல்வதை நான் ஏற்பதில்லை. மருத்துவம் கைவிரித்த பிறகே சாத்தான் வருகிறது. அந்தக் கைவிரிப்பு உண்மையாக இருப்பதால்தான் சாத்தானும் உண்மையாகிறது.

நம் பக்கத்துப் பேயோட்டுதலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதையும் என்னால் தவிர்க்க முடியவில்லை. இங்கே பம்பையும் உடுக்கையும் முழங்க, "நீ யாரு, எந்த ஊரு, உனக்கு என்ன வேணும்?" என்று பூசாரி கேட்பார், வந்திருப்பது தன் பெயரைச் சொல்லும், குறையைச் சொல்லும், கேட்டதைக் கொடுத்தால் இறங்கிப் போகும். இந்தப் படத்துச் சாத்தானுக்குக் குறை ஏதும் இல்லை, கேட்பதற்கும் எதுவும் இல்லை. சமாதானம் பேச இடமே தராத அந்தப் பகைதான் என்னை ஒவ்வொரு முறையும் நடுங்க வைக்கிறது. மனநல மருத்துவரும் பாதிரியாருமான காராஸ், வெறும் குழாய்த் தண்ணீரைத் தீர்த்தம் என்று சொல்லித் தெளித்துப் பார்ப்பார். சிறுமி சுட்டதுபோல் துடிப்பாள். "இந்த ஃபாதர் டெஸ்ட் பண்ணித்தான் நம்புவாரு போல, நல்ல ஆளு" என்றார் அத்தை.

குறை நேர்ந்ததும் இந்த இடத்தை அடுத்துத்தான். ஒலிநாடாவில் பதிவான சிறுமியின் உளறல், தலைகீழாகப் பேசப்பட்ட ஆங்கிலம் என்று தெரிந்து, காராஸ் தனியறையில் அதைப் பின்னோக்கி ஓட்டிக் கேட்கும் நிமிடம். படத்திலேயே மிகக் கூர்ந்து கேட்க வேண்டிய நிமிடமும் அதுதான். அப்போது பணியாளர் ஒருவர் கதவைத் திறந்து, பாப்கார்ன் வேண்டுமா என்று கேட்டார். நடைபாதையின் வெளிச்சம் திரையின் பாதியை வெளுக்கச் செய்தது. பக்கத்துக் கூடத்தின் பிறந்தநாள் பாட்டும் பலூன் வெடிக்கும் சத்தமும் கூடவே உள்ளே புகுந்தன. கதவு மூடியிருக்கும்வரை அந்தச் சத்தம் எங்களை எட்டவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். படத்தை நிறுத்தி, ஐந்து நிமிடம் பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தோம். ஆனாலும் அந்த இறுக்கம் திரும்பி வரவில்லை. மேலாளர் வருத்தம் தெரிவித்தார். மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பது அங்கே வழக்கமாம். அந்த வழக்கத்தை அவர்கள் உடனே விட்டுவிட வேண்டும். தேவையென்றால் அழைக்க ஒரு மணி பொத்தான் வைத்தாலே போதும்.

பேய்ப்படம் பார்க்கச் செல்பவர்கள் வார நாளின் காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். படிக்கட்டை ஒட்டிய கூடத்தைவிட உள்கோடியில் இருக்கும் கூடம் அமைதியானது. இடையில் கதவைத் திறக்கக் கூடாது என்று பணம் செலுத்தும்போதே சொல்லிவிடுங்கள். ஏ.சி. இரைச்சல் இல்லாமல் நன்றாகக் குளிர்கிறது, பெரியவர்களுக்குப் போர்வை எடுத்துச் செல்வது நல்லது. லிஃப்ட் கிடையாது, முழங்கால் வலியுள்ள அத்தை இரண்டு மாடி ஏறுவதற்குள் மூன்று முறை நின்றுவிட்டார்.